ஞாயிறு எட்டு மணி

அன்புள்ள பிரபா,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது, திட்டாதே. நாலரை நிமிஷம் பேசியிருந்தாய், அதில் பாதி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் ஹாரன்தான், இருந்தாலும் முழுசாகக் கேட்டேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் நீயே கிட்ட இருந்து விடு, "இப்பதான் எல்லாம் தெரியுதே" என்று இரண்டாவது வாரமே நிறுத்திவிடுவார்கள், எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு முதுகு வலி. பெரியவள் என் ஜெர்மனைத் திருத்துகிற வயசுக்கு வந்துவிட்டாள், அதுவும் கடைக்காரர் முன்னால் வைத்துத்தான் திருத்துவாள்.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டாய் பார், "இன்னுமாடா அந்த ஈடியை ஆடிட்டு இருக்கீங்க, அதுல ஆள் இருக்கா?" என்று. எனிமி டெரிட்டரி, ஹாஸ்டலில் நாம் கூட்டமாக ஆடின அந்தத் துப்பாக்கிச் சண்டை கேமைத்தான் கேட்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் சொல்லத்தான் பார்த்தேன், நீண்டுகொண்டே போனது.

ஆள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இருபது, இருபத்திரண்டு பேர். மற்ற ஆறு நாளும் ஈ காக்கை கிடையாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று புரிவதற்கு எங்களுக்கு மூன்று வருஷம் பிடித்தது.

நினைவிருக்கிறதா, 2005, மூன்றாம் வருஷம், ஹாஸ்டலுக்குள் ஃபைல் பகிர்கிற டிசி பிளஸ் பிளஸ்ஸில் யாரோ போட்டு வைத்திருந்த ஃபைல், இருநூற்றைம்பது எம்பி சொச்சம். மற்ற கேமுக்கெல்லாம் கிராக், சீரியல் கீ என்று ரூம் ரூமாக அலைந்துகொண்டிருந்தபோது இது மட்டும் எதுவுமே கேட்காமல் ஓடியது. ஓசியில் வருகிறது என்றால் உள்ளே வைரஸ் இருக்கும் என்று நீ அதை முதலில் என் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தாய், அதை நான் இன்னும் மறக்கவில்லை. ஏன் ஓசி என்று நமக்கு அப்போது தெரியாது. லண்டனில் ஸ்பிளாஷ் டேமேஜ் என்ற கம்பெனி ரிட்டர்ன் டு காசில் வூல்ஃபன்ஸ்டைன் என்ற கேமுக்கு அடுத்த பாகம் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதில் தனியாக ஆடுகிற பகுதி தேறவில்லை. கூட்டமாக ஆடுகிற பகுதி மட்டும் ஒழுங்காக வந்திருந்தது, அதை 2003 மே மாதம் எனிமி டெரிட்டரி என்று பேர் வைத்துச் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். நாம் விடிய விடிய ஆடினது, கரண்ட் போனால் ஹாஸ்டலே ஒரே குரலில் கத்தினது எல்லாம் அந்த மிச்சத்துக்காகத்தான்.

அப்புறம் 2010 ஆகஸ்டில் வூல்ஃபன்ஸ்டைன்காரர்களான ஐடி சாஃப்ட்வேர் கம்பெனி அதன் சோர்ஸ் கோடையும், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வெளியே விட்டது. சில பேர் அதை எடுத்து ஈடி லெகசி என்று இன்றைக்கும் பராமரிக்கிறார்கள், யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. உன் வீட்டில் சும்மா கிடக்கிற ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கம்ப்யூட்டரில்கூட ஓடும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே சமீபத்தில்தான் உறைத்தது. தி க்ரூ என்று ஒரு கார் கேம், 2014இல் வந்தது. யூபிசாஃப்ட் அதன் சர்வரை 2024 மார்ச் 31ஆம் தேதி அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவன்கூடத் தன் வீட்டில் தனியாக ஒரு ரவுண்டு ஓட்ட முடியாது, கதை முடிந்தது. அதிலிருந்து கிளம்பியதுதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்ற இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் கையெழுத்தையும் தாண்டியது. நானும் ஆவேசமாகப் போடப் போனேன், குடிமக்கள் மட்டும்தான் போடலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டது. வரி கட்ட மட்டும் அந்த நிபந்தனை கிடையாது.

நம் கேமை அப்படி எவனும் அணைக்க முடியாது. ஆனால் அதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. யாரும் மூட முடியாத கடைக்கு முதலாளி என்று யாரும் இல்லை, வியாபாரம் படுத்தால் கவலைப்படவும் ஆள் இல்லை. நீ கல்யாணத்துக்குப் பிறகு நிறுத்திய சமயத்தில், 2013 என்று நினைக்கிறேன், நம் சர்வரில் தினமும் சாயங்காலம் முப்பது பேர் இருப்பார்கள், உனக்கே தெரியும். அது எப்போது இருபது ஆனது, எப்போது எட்டு ஆனது என்று ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் எந்தச் சர்வரில் எத்தனை பேர் என்று காட்டுகிற லிஸ்டைத் திறந்தால் நம் சர்வருக்கு நேரே பூஜ்யம். இன்றைக்கு ஏதோ விடுமுறை போல என்று மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். அதே பூஜ்யத்தை அதே ராத்திரி எத்தனை பேர் பார்த்துவிட்டு என்னைப் போலவே மூடியிருப்பான் என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு கணக்குப் போடுகிறேன், சரியா என்று பார். வாரத்துக்கு 168 மணி நேரம். இன்னும் ஆட மனசுள்ளவர்கள் எண்பது பேர், ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குவான் என்று வை. அவனவன் தன் வசதிப்படி வந்தால் எந்த நேரத்தில் பார்த்தாலும் சர்வரில் சராசரியாக ஒரே ஒரு ஆள்தான் இருப்பான். அந்த ஒருவனும் இரண்டு நிமிஷம் சுற்றிப் பார்த்துவிட்டு, கேம் செத்துப்போச்சு என்று எழுதிவிட்டுக் கிளம்புவான். அதே எண்பதில் கால்வாசிப் பேர் ஒரே நேரத்துக்கு வந்தால் பத்துக்குப் பத்து, ஜேஜே என்று இருக்கும். ஆள் இருக்கிறான், ஒருத்தன் கண்ணில் இன்னொருத்தன் படாமல் இருக்கிறான்.

உங்கள் பக்கத்து மணப்பாறையில் மாட்டுச்சந்தை தினமும் கூடினால் என்ன ஆகும் என்று யோசி. இரண்டு மாடு, ஒரு தரகர், வாங்க ஆள் இல்லை. வாரத்துக்கு ஒரு தரம் என்று வைத்ததால்தான் அது சந்தை. இது நம் தாத்தாக்களுக்குத் தெரிந்திருக்கிறது, எங்கள் ஏழு அட்மின்களுக்குத் தெரியவில்லை. ஏழு பேரில் மூன்று பேர் கம்ப்யூட்டர் என்ஜினியர் வேறு.

அதற்கு முன்னால் என்னென்னவோ செய்து பார்த்தோம். புது மேப்பாக, அதாவது புது ஆடுகளமாகப் போட்டோம். ஒவ்வொன்றும் முப்பது நாற்பது எம்பி, உள்ளே வருகிறவன் டவுன்லோட் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டான். டொனேஷன் வாங்கினோம். இருபது யூரோ கொடுத்த ஒருத்தர் அட்மின் பவர் கேட்டார், கொடுக்கவில்லை என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார், அதோடு டொனேஷனை நிறுத்திவிட்டோம். சர்வர் வாடகை மாதம் பத்து யூரோகூட இல்லை. "ஒரு பீட்சா காசு, கூடவே எடையும் ஏறாது" என்று வித்யாவே சொல்லிவிட்டாள்.

பாட் போட்டதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஆம்னிபாட் என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரே ஆளாக நின்று ஆடும், டைனமைட் வைக்கும், ஊசி போட்டு எழுப்பும். பூஜ்யம் என்று காட்டினால்தானே வரமாட்டேன் என்கிறான், பன்னிரண்டு என்று காட்டுவோம் என்று பன்னிரண்டு பாட்டை இறக்கி, மனுஷர் வைப்பது மாதிரியே பேரும் வைத்தோம். லிஸ்டில் சர்வர் மேலே ஏறியது. ஒரு செவ்வாய்க்கிழமை நான் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது புதுசாக ஒரு பையன் உள்ளே வந்திருக்கிறான். ராத்திரி லாகைப் படித்தால் அவன் எழுதினது மட்டும் வரிசையாக இருந்தது. வணக்கம் என்று எழுதியிருக்கிறான். நாலு நிமிஷம் கழித்து, செமையாகச் சுட்டீங்க என்று ஒரு பாட்டைப் பாராட்டியிருக்கிறான். அப்புறம், இங்கே சுவர் எப்படி உடைப்பது என்று கேட்டிருக்கிறான். கடைசியாக, யாராவது இருக்கிறீர்களா என்று. அதற்குப் பிறகு டிஸ்கனெக்ட். மொத்தம் பத்தொன்பது நிமிஷம். அன்றைக்கு ராத்திரியே பாட் எல்லாவற்றுக்கும் பேருக்கு முன்னால் பாட் என்று போட்டுவிட்டேன், எண்ணிக்கையிலும் அவை வராத மாதிரி மாற்றினேன். மறுபடி பூஜ்யம் ஆனது. அந்தப் பையன் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஞாயிறு எட்டு மணி என்று வைத்தோம். வைத்தால் மட்டும் வந்துவிடுவார்களா? எட்டு மணிக்கு எட்டிப் பார்ப்பான், மூன்று பேர் இருந்தால், கொஞ்ச நேரம் கழித்து வரலாம் என்று போய்விடுவான். எல்லாருக்குமே ஆறாவது ஆளாக வரத்தான் ஆசை, முதல் ஆளாக எவனும் வருவதில்லை. நம் ஊர்க் கடைக்காரர் போணிக்காக எவ்வளவு இறங்கி வருவார், அது மாதிரிதான். எங்களில் நாலு பேர் முறை வைத்து ஏழரைக்கே போய் உட்கார்ந்துவிடுகிறோம். ஆட்டம் கிடையாது, மேப்பில் சும்மா நின்றுகொண்டு வானிலை பேசுவது, யார் வீட்டில் என்ன சமையல் என்று கேட்பது. நாலு பேர் ஆறு ஆனால் போதும், ஆறு பதினாறு ஆவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. என் முறை வருகிற ஞாயிறுகளில் எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் நான் இருக்கமாட்டேன் என்பது வீட்டில் எழுதாத சட்டம்.

இன்னொரு தலைவலி எங்கள் ஆட்களேதான். 2022இல் ஸ்டீமிலும் இதை இலவசமாக ஏற்றினார்கள், திடீரென்று புதுமுகங்கள் வந்தார்கள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, பதினஞ்சு வருஷமாக இதே ஆறு மேப்பை ஆடிக்கொண்டிருக்கிற கிழட்டுப் புலிகள் எல்லாம் ஒரே டீமில் நின்றுகொண்டு, வந்த பிள்ளைகளைப் பிறந்த இடத்திலேயே சுட்டுத் தள்ளினோம். ஒரே வாரம். எல்லாரும் போய்விட்டார்கள். அப்புறம் உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று டிஸ்கார்டில் புலம்பினோம். அதை எழுதினவர்களில் நானும் ஒருத்தன்.

இப்போது ஒரு விதி இருக்கிறது, ஸ்கோரில் முதல் மூன்று பேர் அடுத்த மேப்பில் தோற்ற டீமுக்குப் போக வேண்டும், புதுசாக யார் வந்தாலும் ஒருத்தர் மெடிக்காக, அதாவது விழுந்தவனை ஊசி போட்டு எழுப்புகிற ஆளாகக் கூடவே ஓட வேண்டும். இதற்கு எழுந்த சண்டை இருக்கிறதே, அப்பப்பா. நெதர்லாந்தில் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன ஒரு பெரியவர், உனக்கும் அவரைத் தெரியும், மோர்ட்டார் வைத்துக்கொண்டு நகரவே மாட்டாரே அவர்தான், "நான் ஜெயிக்கத்தான் வருகிறேன், டியூஷன் எடுக்க இல்லை" என்று மூன்று வாரம் வரவே இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்து ஆளுக்கு ஆள் சமாதானக் கடிதம் தயார் பண்ணினோம். நாலாவது வாரம் வந்து, வீட்டில் ரூட்டர் கெட்டுப்போயிருந்தது என்றார். இருபது வருஷம் சேர்ந்து ஆடியும் அவர் நிஜப் பேரோ போன் நம்பரோ எங்களில் ஒருத்தரிடமும் இல்லை. அன்றைக்குப் பயந்துபோய் எல்லாரிடமும் ஈமெயில் முகவரி வாங்கி வைத்தேன்.

அந்தப் பெரியவரே போன மாதம் ஒரு புதுப் பையனுக்கு மெடிக்காக ஓடினார், அதை நீ பார்த்திருக்க வேண்டும். ஒயாசிஸ் மேப். பழைய ஊர்ச் சுவரை உடைக்க வேண்டும், உனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். பையன் கேமில் என்ஜினியர், வெடி வைப்பது அவன் வேலை. ஓடிப்போய் டைனமைட்டை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டான். பத்துப் பேரும் பதுங்கிக் காத்திருக்கிறோம். முப்பது செகண்ட் ஆனது, நாற்பது ஆனது, ஒன்றும் வெடிக்கவில்லை. வைத்துவிட்டுப் பிளையர்ஸ் எடுத்து முடுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் கூட்டத்தில் முன்னெல்லாம் இதற்கு ஒரு கெட்ட வார்த்தை ரெடியாக இருக்கும், உனக்கே விழுந்திருக்கிறது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. "வா, திரும்பப் போகலாம், பிளையர்ஸை எடு, கோடு நிறைகிறவரை விடாதே" என்று எழுதிவிட்டு அவனுக்கு முன்னால் நடந்தார். இரண்டு தரம் பையன் விழுந்தான், இரண்டு தரமும் ஊசி போட்டு எழுப்பினார். மூன்றாம் தரம் சுவர் போனது. எதிர் டீம்காரனே கை தட்டினான். பையனுக்குப் பத்தொன்பது வயசாம். கேமை விடச் சின்னவன். அடுத்த ஞாயிறு தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தான், அவள் முதல் நாளே பெரியவரைப் பின்னாலிருந்து கத்தியால் குத்தினாள், அவருக்கு ஒரே பெருமை.

பக்கத்து சர்வர்காரர்களோடு இணைந்ததும் ஒரு தனிக் கதை. அவர்களுக்கும் ஞாயிறு பத்துப் பேர், எங்களுக்கும் பத்துப் பேர், நடுவே 2011இல் யாரோ யாரையோ கிக் பண்ணின பகை. இரண்டு பக்கமும் நான் நாட்டாமை. கடைசியில் பேசி முடித்தது என்ன தெரியுமா, சர்வர் எங்களுடையது, மேப் வரிசை ஒரு வாரம் அவர்கள் சொல்வது, ஒரு வாரம் நாங்கள் சொல்வது, ஃப்யூவல் டம்ப் என்ற மேப் மட்டும் எந்த வாரமும் கிடையாது. அது லோட் ஆகும்போதெல்லாம் இருபத்திரண்டு பேர் பதினாலு ஆகிவிடுவதை எண்ணியே காட்டினேன். உனக்குப் பிடித்த மேப் என்று தெரியும், மன்னித்துக்கொள்.

அப்புறம் இன்னொன்று. வேலை விஷயமாக ஃபிராங்க்ஃபர்ட் போய்விட்டு ரயிலில் திரும்பும்போதெல்லாம் நடுவே வூர்ட்ஸ்புர்க்கில் நிற்கும். நாம் அந்தப் பேரை வாயில் நுழையாமல் "ரேடார் மேப்" என்றே சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்த வூர்ட்ஸ்புர்க். மலை மேல் கோட்டை, திராட்சைத் தோட்டம், அழகான ஊர். எனக்கு மட்டும் ஒவ்வொரு தரமும் கண் தானாகப் போய்ப் பின்வாசல் எங்கே, லாரி எங்கே நிற்கும் என்றுதான் தேடுகிறது. பக்கத்து சீட்காரரிடம் சொல்லவா முடியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன்னிடமிருந்து ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் வேண்டும். வாராவாரம் வேண்டாம், மாதம் ஒன்று போதும். எட்டு மணி என்பது உனக்கு இப்போது ராத்திரி பதினொன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுவார்கள், அதற்கப்புறம் பன்னிரண்டரை ஆகிவிடும், திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கும், தெரியும். அதனால்தான் இப்போதே கேட்கிறேன். ஆள் கணக்குக்காக மட்டும் கேட்கிறேன் என்று நினைக்காதே, அது பாதிதான்.

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்தபோது எந்தக் கீ என்ன செய்யும் என்று நீ எழுதி வைத்த கான்ஃபிக் ஃபைல் கிடைத்தது, பரோட்டா டாட் சிஎஃப்ஜி. கே அழுத்தினால் டீமுக்கு "மெடிக் எங்கடா" என்று போகிற மாதிரி நீ வைத்திருந்தாயே, அது அப்படியே இருக்கிறது. நீ போய் இத்தனை வருஷம் ஆகியும் சர்வரில் அந்த வார்த்தை போகவில்லை. ஃபின்லாந்துக்காரன் ஒருத்தன் அடிபட்டுக் கிடக்கும்போதெல்லாம் "எங்கடா, எங்கடா" என்றுதான் எழுதுகிறான், அந்தப் பத்தொன்பது வயசுப் பையன் அதைப் பார்த்து அவனும் எழுதுகிறான். மெடிக்குக்குத் தமிழில் எங்கடா என்று பேர் போல என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

ஃபைலை இதோடு அனுப்பியிருக்கிறேன். பழைய 2.60 வெர்ஷனைத் தேடிக்கொண்டு அலையாதே, ஈடி லெகசியை இறக்கு, அதில் இந்த ஃபைலைப் போட்டால் போதும். அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். சுதா திட்டினால் என் பேரைச் சொல்லிக்கொள், புதுசா என்ன.

உன்
சேகர்

பின்குறிப்பு: திருச்சியிலிருந்து பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்புகிற தாமதம், நூற்றைம்பது மில்லி செகண்டுக்குக் குறையாது, குறி வைத்துச் சுடுவதெல்லாம் நடக்காது. என்ஜினியராக வா. சுவர் எங்கேயும் ஓடாது.